உரம் போடாத வரிசை

அக்குறணையில் பலசரக்குக் கடை வைத்திருந்த நானாவின் வீட்டுப் பின்வளவில்தான் என் பேரீச்சங் கன்றுகள் சட்டிகளில் நின்றன. நோன்பு மாதத்தில் அவர்கள் தின்றுபோட்ட பழங்களின் கொட்டையிலிருந்து முளைத்தவை. ஆய்வுக்குப் பல்கலைக்கழகச் செடிப் பந்தலில் இடம் கிடைக்காதபோது, "இங்க கொண்டுவந்து வைங்க தம்பி. கண்டி மழையில பேரீச்சை நிக்குமா எண்டு நானும் பாக்கணும்" என்றார் நானா.

ஒரு வரிசைக்கு யூரியாவும் பொட்டாசும். இன்னொன்றுக்கு இலையில் வளர்ச்சி ஊக்கி மட்டும் தெளிப்பேன். மூன்றாவதற்கு இரண்டும். கடைசி வரிசைக்கு வெறும் தண்ணீர். மழை கரைத்துக்கொண்டு போகாமல் மேலே பொலித்தீன் விரித்திருந்தேன். பிறகு இலைகளை வெட்டி, உலர்த்திப் பொடியாக்கி, எதில் எவ்வளவு சத்து ஏறியிருக்கிறது என்று ஆய்வுகூடத்தில் பார்க்கவேண்டும். அந்தப் பட்டினி வரிசை இல்லாவிட்டால் மற்றவற்றை எதோடு ஒப்பிடுவது? என் பட்டமே அதில்தான் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். "இலைக்குச் சோறு போடவா ஒன்னைய படிக்க வச்சோம்?" என்பார் அம்மா. அக்கம்பக்கத்தில் மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஊக்கி மட்டும் தெளித்த கன்றுகள் விறுவிறுவென்று நீண்டு வெளிறின. உரமும் சேர்ந்தவை நீண்டும் பச்சை குறையவில்லை. எதிர்பார்த்ததுதான். ஆனால் வெறும் தண்ணீர் குடித்தவையும் கரும்பச்சையாக நின்றன. இலை வெட்டப்போன காலையில் அங்கே ஒரு பூனை. மற்றச் சட்டிகளை அது திரும்பியும் பார்க்கவில்லை. கடைசி வரிசை மண்ணை மட்டும் நக்கிக்கொண்டிருந்தது. குனிந்து மோந்தேன். மீன்வாடை.

நானாவின் மனைவி குசினி வாசலில் அகப்பையோடு நின்றார்.

"ராத்தா, இதுக்கு ஏதும் ஊத்தினீங்களா?"

"மீன் கழுவின தண்ணிதான். மத்ததுக்கெல்லாம் போடுறீங்க, இதுகளுக்கு ஒண்டும் இல்ல. ஒரே பழத்துப் புள்ளைகள்தானே, பாவமில்லையா?"

"அது பட்டினி கெடக்கத்தான் வச்சேன்!"

"அத நீங்க சொன்னீங்களா?"

சொல்லவில்லை. தொடவேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். கடைக்குப் புறப்பட்ட நானா சிரித்தார். "இவட கையில மாட்டினா பகல்லயே நோன்பு திறக்க வச்சிடுவா, தம்பி."

அன்று வெட்டவில்லை. பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். "புதுசா தொடங்குங்க" என்றார். இன்னொரு மழைக்காலம் போய்விடுமே, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் அதே நினைப்பு. கொட்டை முளைக்கவே எவ்வளவு காலம் எடுக்கும்!

மறுநாள் சட்டிகளை அகற்றப் போனேன். ராத்தா பழைய தயிர்ச் சட்டிகளைச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஊசிபோல ஒரு முளை. என் கன்றுகள் செத்துப்போனால் உதவுமே என்று மிச்சக் கொட்டைகளை ஒரே நாளில் ஊன்றி வைத்திருந்தாராம்.

"பாருங்க, இவ்வளவும் காணுமா, இன்னும் வேணுமா?"

"காணும் ராத்தா. மிஞ்சவும் செய்யும்."

இந்தமுறை எல்லாவற்றையும் விளக்கினேன். "அப்ப நான் அந்தப் பக்கம் பாக்கவே மாட்டன்" என்றார். அப்படியே, மீன் தண்ணீரோடு வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேலியோரம் நட்டுவைத்த பழைய கன்றுகளுக்கே கொண்டுபோய் ஊற்றினார்.

இலை வெட்டும் நாள் திரும்ப வந்தது. கடைசி வரிசை வெளிறி மஞ்சளாக நின்றது. அவ்வளவு அழகான மஞ்சளை நான் பார்த்ததேயில்லை. வெட்டிய இலைகளை உறையில் போட்டு ஒட்டிவிட்டு நிமிர்ந்தேன். ராத்தா வாளியோடு நின்றார், காலடியில் பூனை.

"இப்ப ஊத்தலாமா, தம்பி?"

"ஊத்துங்க ராத்தா. நல்லா ஊத்துங்க."