இடப்பக்கத்துச் சாம்பியன்

பெங்களூர்ப் பட்டாளத்தில் இருந்த சித்தப்பா படகுப் பந்தயத்தில் கோப்பை வாங்கினார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பந்தயப் படகைப் பார்த்ததில்லை. ஆனாலும் பெண் பார்க்கப் போன இடமெல்லாம் அப்பா துண்டில் சுற்றி வைத்திருந்த அந்தக் கோப்பையை அவிழ்த்துக் காட்டினார். இரண்டு வீடுகளில் "படகு ஓட்டறவருங்களா?" என்று கேட்டுவிட்டுக் காபியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றாவது வீடு தேன்கனிக்கோட்டை போகும் வழியில், ஏரிக்கரையில் இருந்தது. சித்தப்பாவின் விடுமுறையில் நான்கு நாள்தான் மீதி. இதுவும் தட்டிப்போனால் அடுத்த வருஷம்தான்.

பெண்ணின் அப்பாவுக்குக் கோப்பை பிடித்துப்போயிற்று. அவருடைய கேழ்வரகுக் கொல்லை அக்கரையில் இருந்தது. அங்கே தினமும் பரிசலில்தான் போய்வருவார்கள். நிலத்தைக் காட்டக் கிளம்பியவர், "சாம்பியன் இருக்கறப்ப நான் எதுக்கு?" என்று துடுப்பைச் சித்தப்பாவிடம் கொடுத்தார்.

பரிசலில் ஏறியவர்கள்: வெள்ளைத் தலைப்பாகையோடு அவர், இஸ்திரி மடிப்புக் கலையாத சித்தப்பா, எட்டு வயது நான், கோப்பை. அப்பா தண்ணீருக்குப் பயந்து கரையிலேயே நின்றுவிட்டார்.

பந்தயப் படகில் எட்டுப் பேர், ஆளுக்கொரு துடுப்பு; பாதிப் பேருக்கு இடப்பக்கம், பாதிப் பேருக்கு வலப்பக்கம். எட்டுப் பேருக்கும் போகிற திசை முதுகுப் பக்கம். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவர்தான் வழி பார்த்துச் சொல்வார். சித்தப்பா அதே முறையில் அக்கரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, பலம் கொண்ட மட்டும் இழுத்தார். பரிசல் சுற்றியது. இன்னும் பலமாக இழுத்தார். இன்னும் வேகமாகச் சுற்றியது. நான் எண்ண ஆரம்பித்தேன்.

ஆறாவது சுற்றில் தலைப்பாகை அவிழ்ந்தது. "தம்பி, அக்கரைக்குப் போவணும்னுதானே ஏறனோம்?"

"நான் இடப்பக்கமுங்க."

"அப்ப வலப்பக்கம் யாரு?"

"அவன் பெங்களூர்ல இருக்கானுங்க."

பதினான்காவது சுற்றில், நாங்கள் பார்க்க வந்த பெண் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மீன் பிடிக்கும் சின்னப் பரிசலில் வந்து சேர்ந்தாள். அதை எங்கள் பரிசலோடு கட்டிவிட்டு இந்தப் பக்கம் தாவினாள். "துடுப்பக் கீழ வையுங்க" என்றாள். அவள் சித்தப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். சித்தப்பா வைத்தார்.

கரையில் அவளுடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டிருந்தார். "பொண்ணு பாக்க வந்த நேரத்துல இப்பிடியா ஏரியில எறங்குவா! தப்பா நெனச்சுக்காதீங்க."

"மானத்த வாங்கிட்டான், நீங்கதான் பொறுத்துக்கணும்" என்று அப்பா கைகூப்பினார்.

இரண்டு பக்கமும் மாறி மாறி மன்னிப்புக் கேட்ட வேகத்தில் நாங்கள் கரை சேர்வதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

இன்று நான் வரைபடம் போடும் வேலையில் இருக்கிறேன். பரிசல் ஏன் சுற்றியது என்பதைக் கோடு போட்டே காட்டிவிடுவேன். அன்று புரியாதது வேறு. சித்தி துடுப்புப் போட்டு வந்த வழி முழுக்க, சித்தப்பா கரைக்கு முதுகைக் காட்டி, அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். "கரை பின்னாடி இருக்கு, சித்தப்பா" என்று இரண்டு முறை சொன்னேன். அவர் திரும்பவே இல்லை.

பந்தயப் பழக்கம் விடவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.