முசரவாக்கத்து எலிவேட்டை

முசரவாக்கம் ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் பெண் அம்சவேணிக்கு எலி வளையைக் கண்டால் கை சும்மா இருக்காது. காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழிக்குள் எலி புகுந்து பட்டுப் பாவு நூலைக் கடித்தாலும் அவளுக்குத்தான் ஆள் வரும். போய்ப் பிடித்துக் கொடுப்பாள். ஆனால் அதை வேட்டை என்று சொல்ல மாட்டாள். "அது கூலி வேலைம்மா. வேட்டைன்னா வயல்லதான்," என்பாள்.

இந்தத் தை மாதம் அதே ஊர் விவசாயி ராஜகோபாலின் வயலில் நெல் முற்றி நின்றபோது எலிகள் கதிரைக் கத்தரித்துப் போட ஆரம்பித்தன. அவர் எலி மருந்து வாங்கி வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் அம்சவேணி போட்டது போட்டபடி ஓடினாள்.

"ண்ணா, மருந்து வெக்காதீங்க. செத்த எலியத் தின்னுட்டு பாம்பும் சாவும், ஆந்தையும் சாவும். எங்களுக்கும் வாய்ல வெக்க முடியாது. நாளைக்குக் காலைல ஒரு பொழுது எனக்கு விடுங்க."

"மத்தியானத்துக்குள்ள எலி வரலன்னா மருந்துதான். அப்புறம் அழுதுக்கினு வந்து நிக்கக் கூடாது."

"வரும்ண்ணா!"

மறுநாள் விடிந்ததும் அம்சவேணியும் புருஷன் கன்னியப்பனும் வயலில் இருந்தார்கள். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் வேலை பார்க்கும் அவள் தங்கை நதியாவும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வரப்போரம் ஒரு புற்று. அவர்களுக்கு அதுதான் குலதெய்வம் கன்னியம்மா. அம்சவேணி மஞ்சள் தூவி, கற்பூரம் ஏற்றினாள்.

"தாயே, அதுவும் உன் புள்ள, நாங்களும் உன் புள்ள. பசிக்குத்தான் எடுக்கறோம். கோவிச்சுக்காத."

முதல் வளையைக் கன்னியப்பன் கடப்பாரையால் நெம்பினான். காலி. அடுத்த வளையின் வாயில் வைக்கோல் புகையும் பானையைக் கவிழ்த்து, அதன் அடி ஓட்டையில் வாய் வைத்து ஊதினான். புகை உள்ளே போனது. வெளியே ஒரு பூச்சி கூட வரவில்லை. வரப்பில் நின்ற ராஜகோபால் வானத்தைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

வீட்டில் சண்டை போட்டுவிட்டு வேட்டைக்குப் போனால் வளை தன் எலியை மறைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் நம்பிக்கை. அம்சவேணிக்குச் சுருக்கென்றது. கிளம்பும்போது கன்னியப்பன் போனை நோண்டிக்கொண்டு எழுந்திருக்காமல் கிடந்தான். அவள் கத்த, அவன் கத்த, பேச்சு மாமியார் வரைக்கும் போய்விட்டது.

"நீங்க போட்ட சண்ட ஏரிக்கு அந்தாண்ட வரைக்கும் கேட்டிருக்கும்," என்றாள் நதியா. "மொதல்ல ராசியாவுங்க ரெண்டு பேரும்."

"இங்கியா? ஐயா நிக்கறாரு பாரு," என்று நெளிந்தான் கன்னியப்பன்.

"இங்கதான் மாமா. எலிக்குக் கேக்க வேணாமா? சத்தமா சொல்லு!"

கன்னியப்பன் தொண்டையைச் செருமினான். "உன்ன ராட்சசின்னு சொன்னது தப்புதான்!"

"உங்கம்மாவ இழுத்தது என் தப்புயா!" என்று அம்சவேணியும் கத்தினாள். கரி அப்பிய அவன் மூஞ்சியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவனும் சிரித்தான். கோபமாக நின்ற ராஜகோபாலே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சிரிப்பு அடங்குமுன் அம்சவேணி வாய்க்கால் பக்கம் குனிந்துவிட்டாள். ஒரு வளை வாயில் ஈரம் காயாத மண், புது உமி.

"இங்க இருக்குது! பக்க வளையெல்லாம் அடைங்க! சீக்கிரம்!"

நதியா சேற்றை அள்ளி அள்ளி அப்பினாள். கன்னியப்பன் கன்னம் புடைக்க ஊதினான். அடைக்காமல் விட்ட ஒரே வாயில் அம்சவேணி சாக்கை விரித்துப் பிடித்தாள். தொப்பென்று ஒரு வெள்ளெலி. அதன் பின்னாலேயே இன்னொன்று. சாக்கு அவள் கையில் துள்ளியது. மூன்றாவது வருவதற்குள் அவள் சாக்கைச் சட்டென்று இழுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

வளையிலிருந்து ஒரு நல்ல பாம்பு தலை நீட்டியது. படம் விரித்து நின்றது.

"போ தாயே, உன்ன ஒண்ணும் பண்ண மாட்டோம்," என்றாள் அம்சவேணி மெதுவாக. கன்னியப்பனிடம், "பானைய எடுத்துடு. இனிமே இது அவ வளை. தொடக் கூடாது," என்றாள்.

"இருக்கறதுலயே பெரிய வளை அதாம்மா!" என்று பதறினார் ராஜகோபால்.

"கன்னியம்மாவே வந்துட்டாண்ணா. அவ பங்கு அவளுக்கு."

பாம்பு படத்தைத் தாழ்த்தி, வரப்போரமாக ஊர்ந்து, எதிர்ப்பக்கத்து வளை ஒன்றுக்குள் வழுக்கிப் போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வரப்பே வெடித்ததுபோல் ஆனது. இருக்கிற ஓட்டையிலிருந்தெல்லாம் எலிகள் பாய்ந்து வெளியே வந்தன.

"சாக்கு! நதியா, சாக்கு! யோவ், அந்தப் பக்கம் மடக்குயா!"

கன்னியப்பன் குறுக்கே விழுந்தான். நதியா தாவணியை முடிந்துகொண்டு வாய்க்காலைத் தாண்டிக் குதித்தாள். அம்சவேணி ஒரு கையில் சாக்கும் மறு கையில் எலியுமாகச் சுழன்றாள். தன் காலடியில் ஒன்று ஓடியதும் ராஜகோபாலாலும் சும்மா நிற்க முடியவில்லை. துண்டை விரித்து அதன்மேல் பாய்ந்தார். எலி தப்பித்தது. அவர் சேற்றில் குப்புறக் கிடந்தார்.

"வுடாத! வுடாத! அங்க ஓடுது பாரு!" என்று படுத்தபடியே கத்தினார்.

உச்சி வெயிலுக்கு முன்பே சாக்குகள் நிறைந்துவிட்டன. பாம்பு போகாத ஒரு வளையைத் தோண்டினார்கள். உள்ளே அடுக்கி வைத்ததுபோல் நெற்கதிர்கள். அதற்கும் கீழே, கண் திறக்காத குட்டிகளை அணைத்துக்கொண்டு ஒரு தாய் எலி. அம்சவேணி ஒரு கைப்பிடி கதிரை அதன் பக்கத்தில் வைத்து மண்ணை மெல்ல மூடினாள்.

"அத ஏம்மா வுடற? அடுத்த போகத்துக்கும் எலி வரணுமா?"

"எங்களுக்கு வரணும்ண்ணா," என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. "புள்ள பெத்தவளத் தொட்டா அப்புறம் எங்க கைக்கு எதுவுமே சிக்காது."

ராஜகோபால், கதிரையெல்லாம் நீயே எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வாய்க்காலில் முகம் கழுவப் போனார். அந்த வழியாக சைக்கிளில் வந்த பக்கத்து வயல்காரரை நிறுத்தி, கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தார்: "நான் ஒரு பாய்ச்சல் பாஞ்சேன் பாரு, அப்பத்தான் எல்லாம் மெரண்டுச்சு!"

அம்சவேணி திருத்தவில்லை. சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். அடுப்புக்குச் சுள்ளி பொறுக்க நதியா முன்னாலேயே ஓடிவிட்டிருந்தாள்.