சுவரைப் பார்த்து வளைந்த நாற்றுகள்

சூரியநெல்லிக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மார்கழி தை மாதங்களில் மண்ணில் போட்ட விதை முளைக்காது, குளிரில் அழுகிப்போகும். அதனால் அம்மா பூசணி விதைகளை ஊறவைத்து, ஈரச் சாக்குத்துணியில் முடிந்து அடுப்போரம் வைப்பாள். வெள்ளை வேர் எட்டிப்பார்த்ததும், சாணிப்பொடி கலந்த மண்ணைப் பிஸ்கட் தகரத்தில் நிரப்பி, ஊன்றி, உள்ளறையில் வைத்துவிடுவாள். ஜன்னல் இல்லாத அறை. அடுப்பின் சூடும், கதவு வழியாகக் கொஞ்சம் வெளிச்சமும் வரும்.

எனக்கு ஏழு வயதிருந்த வருடம், நாற்றுகள் கதவுப் பக்கம் திரும்பவில்லை. வெளிறிய கழுத்துகளை நீட்டி, எல்லாம் சுவரைப் பார்த்து நின்றன. சுவருக்கு அந்தப் பக்கம், எங்கள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு. அங்கே குடியிருந்த அக்கா பிரசவத்தில் இறந்தபின், ஜன்னலுக்குப் பலகை அடித்துப் பூட்டிவிட்டார்கள். அவள் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள் என்று பிள்ளைகள் நாங்கள் பேசிக்கொள்வோம்.

தகரத்தைத் திருப்பிவைத்தேன். இரண்டே நாளில் நாற்றுகள் மறுபடி சுவர்ப் பக்கம் வளைந்திருந்தன. அந்தப் பக்கம் யாரோ மெல்ல இருமியதும் கேட்டது.

"அம்மா, அந்தக்காவா இதுகளக் கூப்பிடுது?"

அம்மாவின் முகம் வெளுத்தது. "வாய மூடு புள்ள. யார்ட்டயும் சொல்லப்பிடாது." சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தது. அதைக் களிமண்ணால் அடைத்தாள். அம்மாவே பயப்படுகிறாள் என்றால் பேய் நிச்சயம் என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் கொழுந்து எடைபோடும் இடத்தில் கங்காணியிடம் அத்தனையும் சொன்னேன். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். பேயை ஓட்டிவிடுவார் என்று நம்பினேன்.

அவர் போலீஸோடு வந்தார். பூட்டை உடைத்தார்கள். பின்ஜன்னலில் ஒரு பலகை கழன்று, பகல் வெளிச்சம் எங்கள் சுவரின் வெடிப்புவரைக்கும் விழுந்துகொண்டிருந்தது. பாயில் உட்கார்ந்திருந்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. தோட்டத்து வேலைநிறுத்தத்துக்குப் பிறகு போலீஸ் தேடியதால் போடிப் பக்கம் ஓடிவிட்டதாகத்தான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அருகே பாதிச் சோற்றோடு ஒரு தட்டு.

தட்டு யாருடையது என்று போலீஸ்காரர் மலையாளத்தில் கேட்டார்.

"எங்களுது" என்றேன், பேய் இல்லை என்ற சந்தோஷத்தில் முந்திக்கொண்டு.

மாமாவையும் அம்மாவையும் ஜீப்பில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அம்மா திரும்பி வந்தாள். மாமாவை அதன்பிறகு நான் பார்க்கவில்லை. அம்மா என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனால் நான் உள்ளே நுழைந்தால் அவளும் அப்பாவும் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். எனக்குத் தெரியாமல் ஏதோ தின்பண்டம் வாங்கித்தரத் திட்டமிடுகிறார்கள் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.