பர்மனென்ட் வேலை

'நிரந்தரம்' என்று அச்சில் பார்த்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். 'பர்மனென்ட்' என்று யாராவது வாயால் சொன்னால் இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். எழுபதுகளில், மயிலாப்பூரில் எங்களிடம் அந்தச் சொல் படாத பாடு பட்டது. வீட்டுக்காரர் எந்த மாதம் காலி பண்ணச் சொல்வாரோ என்று பயந்துகொண்டிருந்த வாடகைப் போர்ஷன் எங்களுக்குப் பர்மனென்ட் அட்ரஸ். அப்பாவின் இருமல் பர்மனென்ட். என் வேலை மட்டும் டெம்பரரி.

தேனாம்பேட்டையில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். சில மாதங்களுக்கு ஒருமுறை எங்களை வேலையிலிருந்து நீக்கி, மறுநாளே புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தோம் என்று நாளைக்கு உரிமை கேட்டுவிடக் கூடாதாம். அந்த ஒரு நாளுக்கு 'பிரேக்' என்று பெயர். என்ன பித்தலாட்டம்!

அப்படி ஒரு பிரேக் நாளில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வயது ஏறிக்கொண்டே போகிறதே என்று தவித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நல்ல நாளாகவும் இருந்தது, நானும் வீட்டில் இருந்தேன்.

பையனின் அம்மா பஜ்ஜியை மென்றுகொண்டே, "இன்னிக்கு ஆபீஸ் இல்லையோ?" என்றாள்.

"அவளுக்கு இன்னிக்கு பிரேக்," என்றாள் அம்மா, வெகுளியாக.

மாமியின் வாய் நின்றுவிட்டது. "அப்போ பர்மனென்ட் இல்லையா? தரகர் சொல்லவேயில்லையே!" எண்ணெய் விரல்களைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஆனப்புறம் சொல்லியனுப்புங்கோ."

பையன் சொஜ்ஜிக்கு மட்டும் வாயைத் திறந்தான். சீ! கத்திரிக்காய் வாங்குகிறவன்கூட கடைக்காரனிடம் ஒரு வார்த்தை பேசுவான்.

மறு வருஷம் பர்மனென்ட் ஆக்கி ஆர்டர் வந்தது. அம்மா என்னைக் கேட்காமலே சொல்லியனுப்பிவிட்டாள். அதே மாமி பையனோடு பூவும் பழமுமாக வந்து, "எங்காத்து மாட்டுப்பொண்ணு" என்று என் மோவாயைத் தொட்டாள். தொட்ட இடம் கூசியது.

"கல்யாணம் ஆனாலும் வேலையை விட்டுடப்படாது, கேட்டியோ?"

"விடமாட்டேன் மாமி. அது இருக்கறதாலதான் உங்காத்துக்கு வரமாட்டேன்னு சொல்ல முடியறது."

மாமி பழத்தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பையன் சொஜ்ஜியை முடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

"இனிமே ஒருத்தரும் வரமாட்டாடி," என்று அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

அப்புறம் யாரும் வரவில்லைதான். போகட்டும், சொஜ்ஜி மிச்சம்.