ஏகாம்பரத்தின் ஏரியைக் கவிழ்த்தேன்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் ஏகாம்பரத்தின் படங்களைக் கிழி கிழியென்று கிழித்திருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? பனைமரம் பாம்பாக நெளிகிறது, ஏரி சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது... 'இதைத் தலைகீழாக மாட்டினாலும் ஒருத்தருக்கும் தெரியாது' என்று முடித்திருந்தேன்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் படம் போடுகிறவன். அதே திருநின்றவூர் ஏரியை, கட்டம் போட்டு, அளவு பிசகாமல், பன்னிரண்டு வருஷமாக வரைகிறேன். ஏகாம்பரமோ பட்டாபிராம் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். பிரஷ் பிடித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பட்டணத்திலிருந்து ஒரு துரை காரில் வந்து அவன் படத்தை வாங்கிக்கொண்டு போனார். வயிறு எரியுமா, எரியாதா? எரிந்தது!

சனிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் யுத்த நிதிக்காகச் சித்திரக் கண்காட்சி. படங்களை மாட்டும் பொறுப்பு என்னுடையது. ஹாலில் ஈ காக்கை இல்லை. கையில் சுத்தியல். நான் எழுதியதை நானே நிரூபித்தால் என்ன? ஏகாம்பரத்தின் ஏரியைத் தலைகீழாக மாட்டினேன்.

கூட்டம் வந்தது. ஹெட்மாஸ்டர் அதைப் பார்த்து "பேஷ், பேஷ்!" என்றார். இரண்டு வக்கீல்கள் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு ஒரே குஷி.

அப்புறம் வந்தார் முனுசாமி. ஏரியின் மதகைத் திறந்து மூடுகிறவர். முதலில் என் படத்துக்கு முன்னால் நின்றார்.

"ஷோக்கா கீது நைனா... காலண்டர் மாரி."

அவ்வளவுதான், நகர்ந்துவிட்டார். ஏகாம்பரத்தின் படத்துக்கு முன்னால் நின்றவர் நகரவே இல்லை.

"இன்னா நைனா, நம்ம ஏரியக் கவுத்து மாட்டிகினு கீறீங்க?"

எனக்குத் திக்கென்றது. "கவிழ்ந்திருக்கிறது என்று யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? இதோ கீது மதகு. குறுக்குக் கல்லு காலாண்ட கீது பாருங்க. அது மேல இல்ல இருக்கணும்?"

நான் வெறும் கறுப்புக் கோடு என்று நினைத்திருந்த இடத்தைத்தான் அவர் விரல் தொட்டது.

"கர ஒடஞ்ச வருசம் நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன். தண்ணி இப்டித்தான் நைனா எய்ந்து வந்துச்சு, சொவுரு மாரி. பனமரம்லாம் இப்டித்தான் நெளிஞ்சிச்சு."

அவரே படத்தைக் கழற்றி, நேராக மாட்டினார். அதன் பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஏகாம்பரம் ஓடி வந்தான். "ஆணி அடிக்கிற வேலகூட நீங்களே பாத்துகினீங்களாமே! ரொம்ப டாங்க்ஸ் அண்ணாத்தே!"

நான் சிரித்து மழுப்பினேன். இதைப் படித்துத்தான் அவனுக்கு விஷயம் தெரிய வேண்டும்.

கரை உடைந்த வருஷம் நானும் இதே ஊரில்தான் இருந்தேன். நேற்று சாயங்காலம் போய் ஏரியைப் பார்த்தேன், வெகு நேரம். எனக்கு அது சுவராக எழவே இல்லை; படுத்தேதான் கிடந்தது.

போன வாரம் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் — வயிற்றெரிச்சலைத்தான் வாபஸ் வாங்க முடியவில்லை!