இரண்டு மாடிகளுக்கு நடுவே யாலூச் சண்டை

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிடுவதில்லை. அதன்மேல் எப்போதும் ஒரு நீலத்துணி விரித்திருக்கும். துணியின்மேல் கப்பல்கள். வைன் போத்தல் தக்கைகளை வெட்டி, தீக்குச்சியைப் பாய்மரமாகக் குத்தி, சீனர்களின் கப்பல்களுக்கு மஞ்சளும் யப்பானியரின் கப்பல்களுக்கு வெள்ளையும் பூசி வைத்திருந்தார் கிழவர். குகனேஸ்வரி தூசி தட்டும்போது ஒரு கப்பல் கொஞ்சம் நகர்ந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

கிழவரின் பெயர் அத்தீலியோ. சரக்குக் கப்பல் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டிடத்தில் எல்லோரும் அவரை 'கொமாந்தாந்தே' என்றுதான் கூப்பிடுவார்கள். இத்தாலியத் தீவு நகரம் ஒன்றில், சீசா என்ற பகுதியில், நான்காம் மாடியில் தனியாக இருந்தார். மனைவி இறந்துவிட்டாள். மகள் எமிலியானா பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி வந்து பார்த்துவிட்டுப் போவாள். மற்ற நாட்களில் அவருக்குச் சமைப்பது, துவைப்பது, நீரிழிவுக்கு நேரம் தவறாமல் ஊசி போட்டுச் சாப்பாடு கொடுப்பது எல்லாம் குகனேஸ்வரியின் பொறுப்பு. அந்த வேலையை வைத்துத்தான் அவளுக்கு பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி இருந்தது. அது போனால் இந்த நாட்டில் இருக்க முடியாது. கொடிகாமத்தில் தங்கையிடம் விட்டுவந்த மகள் சுலக்சனாவைக் கூப்பிடவும் முடியாது.

கிழவருக்கு அந்தச் சண்டை பிடித்துப்போனது இளம் வயதில். வடசீனத் துறைமுகம் ஒன்றில் அவருடைய கப்பல் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தபோது, ஒரு வயதான சீன மாலுமி கடலைக் காட்டி, அந்தப் பக்கம்தான் எங்கள் கப்பல்கள் போய் மூழ்கின என்றாராம். யாலூ ஆற்றின் வாய்க்கு வெளியே, 1894 செப்டெம்பர் பதினேழாம் தேதி, சீனாவின் வடகடற்படையும் யப்பானியக் கடற்படையும் மோதிய சண்டை அது. அன்றிலிருந்து கிடைத்த புத்தகமெல்லாம் வாங்கிப் படித்தார். இப்போது நூறு வருடம் ஆகிறது. துறைமுகப் பக்கம் இருந்த பழைய கப்பல்காரர்களின் சங்கம் அவரைப் பேசக் கூப்பிட்டிருந்தது.

அந்தக் கோடை முழுக்க அவர் குகனேஸ்வரியை முன்னால் இருத்திப் பேசிப் பழகினார். அவர்கள் கதைப்பது இத்தாலியனில்தான். அவள் கேட்பாள், கப்பல்களை அவர் சொல்லும் இடத்துக்கு நகர்த்துவாள். சியுவான் என்ற கப்பல் தாழும் இடம் வரும்போது மட்டும், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விடுவாள். அவளுக்கு அலுத்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். அவளும் அப்படியே நினைக்கவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை ஷிரோக்கோ அடித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் அந்தக் காற்றில் சுவரே சுட்டது. கிழவர் சூட் போட்டு, ஊசியும் போட்டுக்கொண்டு, தட்டைத் தள்ளி வைத்தார்.

"சாப்பாட்டை அங்கை போய்ச் சாப்பிடுறன். கேக் எல்லாம் குடுப்பினம்."

"ஊசி போட்டால் உடனே சாப்பிட வேணும் எண்டு டொக்டர் சொன்னவர்."

"டாக்ஸி வரப்போகுது, குகா. கப்பல்களைத் தூக்கு."

அவர் குரலை உயர்த்துவதில்லை. ஆனால் கப்பல் மேல்தளத்தில் நின்று சொன்னதுபோல இருக்கும். அவள் கப்பல்களை ஒரு கேக் கடைப் பெட்டியில் அடுக்கி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். இரத்தத்தில் சீனி இறங்கினால் கொடுக்கும் டொபி மிட்டாய் எப்போதும் கிடக்கும் அவளுடைய கைப்பை கதவுக்குப் பின்னால் தொங்கியது. அவரை டாக்ஸியில் இருத்திவிட்டு ஓடிவந்து எடுக்கலாம் என்று நினைத்தாள்.

அது பழைய லிப்ட். படிகள் சுற்றிப்போக, நடுவே இரும்பு வலையடித்த கூண்டுக்குள் மரப்பெட்டி ஒன்று ஏறி இறங்கும். மூன்றாம் மாடியைத் தாண்டியதும் விளக்கு அணைந்தது. பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

கரண்ட் போய்விட்டது. குகனேஸ்வரி மணிப் பொத்தானை அழுத்தினாள், சத்தமில்லை. உள்கதவைத் திறந்தாள். முன்னால் இரும்பு வலை. அதற்கப்பால், ஓர் ஆள் உயரம் கீழே, இரண்டாம் மாடித் தரை மங்கலாகத் தெரிந்தது. "யாராவது இருக்கிறீங்களோ?" என்று கத்தினாள். காவலாளி கிறிகோரி சனிக்கிழமைகளில் நகருக்கு வெளியே சியாகுல்லியில் உள்ள தம்பியின் தோட்டத்துக்குப் போய்விடுவான். வீட்டுக்காரர் பாதிப்பேர் கடற்கரையில். மீண்டும் கத்த வாயெடுத்தபோது, கீழே இறைச்சிக் கடைக்காரர் முற்றத்தில் ஜெனரேட்டரை இயக்கினார். படிக்கட்டு முழுவதும் அந்த இரைச்சல் நிறைந்தது. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கிழவர் மடிப்பு இருக்கையில் அமர்ந்து சிரித்தார். "இப்ப வந்திடும். பயப்பிடாதே."

வரவில்லை. அவருடைய நெற்றியில் வியர்வை வழிந்தது. சீனி இறங்கினால் வியர்க்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் அவளுக்கும்தான் வியர்த்தது. கை நடுங்குகிறதா என்று பார்த்தாள். அவருக்கு எந்த நாளும் கை நடுங்கும். எதை வைத்துத் தெரிந்துகொள்வது? அவருடைய சட்டைப் பைகளைத் துழாவினாள். மூக்குக் கண்ணாடி, கைக்குட்டை, ஒரு மிட்டாய்ச் சுருள். உயிர் வந்தது போலிருந்தது. சுருளை வலைக்கு வெளியிலிருந்து வந்த மங்கல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்: சீனி சேர்க்காதது. நீரிழிவுக்காரருக்கென்று எமிலியானா வாங்கிக் கொடுத்தது.

அவள் அவர் முன்னால் முழங்காலில் இருந்தாள். அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தால்தான் கேட்கும்.

"சண்டையைச் சொல்லுங்கோ."

"நீ பாதியிலை எழும்பிப் போறனியே."

"இண்டைக்கு எங்கை போறது? சொல்லுங்கோ."

அவர் சொன்னார். சீனக் கப்பல்கள் பக்கத்தில் பக்கமாக ஒரே வரிசையில் வந்தன. நடுவில் திங்யுவான், சென்யுவான் என்ற இரண்டு பெரிய இரும்புக் கப்பல்கள். யப்பானியர் ஒருவர் பின் ஒருவராக வந்து, அந்த வரிசையின் முகத்துக்கு முன்னால் குறுக்கே ஓடி, வலது நுனியில் நின்ற பழைய கப்பல்கள் இரண்டின் மீது பாய்ந்தார்கள். அவை நெருப்புப் பிடித்தன. மனப்பாடமாக, சரியான வரிசையில் சொன்னார். குகனேஸ்வரிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சண்டை சரியாக இருக்கும்வரை அவருடைய தலையும் சரியாக இருக்கிறது.

பிறகு ஒரு பெயரில் தடக்கினார். சொன்னதையே திரும்பச் சொன்னார்.

"யோஷினோ," என்றார், "யோஷினோவிலை எங்கடை தலைவர் நிண்டார்."

யோஷினோ யப்பானியருடையது. வேகமான கப்பல், முன்னால் ஓடியது. மேசையில் அதை வெள்ளைக் கப்பல்களின் பக்கத்தில் எத்தனை தரம் அவளே வைத்திருக்கிறாள்.

"யோஷினோ ஆரின்ரை கப்பல், கொமாந்தாந்தே?"

"சீனன்ரை," என்றார் எரிச்சலுடன்.

சீனி இறங்கிவிட்டது என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. கிழவருக்கு எதற்கென்று தெரியாமல் கோபம் வந்தது. அவளை யாரோ மாலுமி என்று நினைத்து, கதவைச் சாத்து, தண்ணீர் வருகிறது என்று அதட்டினார். எழுந்து வலையைப் பிடித்து உலுக்கினார். கேக் பெட்டி அவர் காலுக்குள் அகப்பட்டு நசிந்தது. அவள் அவரைக் கட்டிப்பிடித்துக் கீழே இருத்தினாள். அவருடைய சட்டை முழுவதும் நனைந்திருந்தது, தோல் குளிர்ந்திருந்தது. நாக்குத் தடித்து வார்த்தை குழறியது. தலை அவள் தோளில் சாய்ந்தது.

"நித்திரை கொள்ளாதேங்கோ. கேளுங்கோ. மிச்சத்தை நான் சொல்லுறன்."

அவள் சொல்லத் தொடங்கினாள். சியுவானில் குண்டுபட்டுத் தண்ணீர் ஏறியது. அதன் தலைவர் திரும்பவில்லை. யோஷினோவை இடித்துக்கொண்டு தானும் சாவது என்று முழு வேகத்தில் விட்டார். கிட்டப் போகமுன் கப்பல் வெடித்து மூழ்கியது. தலைவருடைய நாய் நீந்திவந்து அவரை இழுத்துப் பார்த்தது என்றும், அவர் வரமாட்டேன் என்றார் என்றும் சொல்வார்கள். சமையலறைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றே இவ்வளவும் அவளுக்குப் பாடமாகியிருந்தது. இடைக்கிடை அவருடைய கன்னத்தில் தட்டினாள். முதலில் "ம்" என்றார். பிறகு அதுவும் இல்லை. மூச்சு மட்டும் இருந்தது. இரண்டு இரும்புக் கப்பல்களும் பொழுதுபடும்வரை நின்று சுட்டன, யப்பானியர் விலகிப் போனார்கள் என்பதோடு சண்டை முடிந்துவிட்டது. சொல்வதற்கு இனி ஒன்றுமில்லை. குரலை நிறுத்தினால் அவர் போய்விடுவார் என்று அவளுக்குத் தோன்றியது.

இத்தாலியன் வாயில் வரவில்லை. தமிழில் வந்தது.

"கிளாலிக் கடலேரியிலை எங்களை வள்ளத்திலை ஏத்தினவை," என்றாள். "ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாக் கயித்திலை கட்டி, முன்னுக்கு மோட்டர் வள்ளம் இழுத்துக்கொண்டு போகும். எங்கடையிலை இடமில்லை. என்ரை இவர் கடைசி வள்ளத்திலை ஏறினவர். நடுக்கடலுக்கு வரேக்கை நேவிக்காரர் வெளிச்சம் அடிச்சுச் சுடத் தொடங்கிச்சினம். எல்லாரும் படுத்தம். வள்ளக்காரன் என்ரை காலடியிலை இருந்த கத்தியை எடுத்துப் பின் கயித்தை வெட்டினவன். வெட்டாட்டி எல்லாரும் போயிருப்பம். அவனை நான் பிழை சொல்லேல்லை. இவர் என்னைக் கூப்பிட்டவரோ எண்டு இண்டைவரைக்கும் எனக்குத் தெரியாது. அவ்வளவு சத்தம்."

கோபாலசிங்கம் என்ற தன் கணவரின் பெயரை அவள் அங்கே சொன்னாள். இந்த நாட்டுக்கு வந்தபின் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம். கிழவரின் தலையை மடியில் வைத்து, கன்னத்தைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கீழே ஜெனரேட்டருக்குப் பெற்றோல் முடிந்து இரைச்சல் நின்றதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

அந்த அமைதியில்தான் லில்லியான் வாசலுக்குள் வந்தாள். இரண்டாம் மாடி சிஞ்ஞோரா வீட்டில் வேலை செய்யும் மொரீசியஸ்காரி. பூட்டன் பூட்டி தமிழர். அவளுக்குத் தெரிந்த தமிழ் காவடிப் பாட்டு மட்டும்தான். குகனேஸ்வரியோடு படியில் கண்டால் சிரித்துவிட்டுப் போகும் பழக்கம். மேலிருந்து யாரோ தேவாரம் படிப்பதுபோல ஒரு குரல் கேட்டது, நம்முடைய பாஷை என்று நினைத்து ஏறிவந்தேன் என்று பின்னால் சொன்னாள்.

இருட்டில் வலைக்குப் பின்னால் கால்களைக் கண்டு அவள் நின்றாள்.

"சீனி," என்றாள் குகனேஸ்வரி, இப்போது இத்தாலியனில். "லில்லியான், கெதியாச் சீனி கொண்டு வா. ஆள் போகுது."

லில்லியான் இரண்டாம் மாடி வீட்டைத் திறந்து ஓடினாள். கதிரை இழுக்கும் சத்தம் கேட்டது. கதிரைமேல் ஏறி, கடையில் கோப்பிக்குத் தரும் சின்னச் சீனிப் பக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வலைக் கண்ணுக்குள்ளால் நீட்டினாள். குகனேஸ்வரி பல்லால் கிழித்து, விரலை எச்சிலில் நனைத்துச் சீனியில் தோய்த்து, கிழவரின் கடைவாய்க்குள் விட்டு பல் ஈறில் தேய்த்தாள். முதலாவதில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. லில்லியான் கதிரையில் நின்றபடியே ஒரு கையால் வலையைப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொல்லிப் படிக்குள் பார்த்து இத்தாலியனில் கத்தினாள். இந்த முறை கீழே கதவுகள் திறந்தன.

கிழவரின் தொண்டை அசைந்தது. விழுங்கினார். அவள் இன்னும் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் விரலைக் கடித்தார்.

"விடு," என்றார். "என்ன செய்யிறாய்?"

அவள் விடவில்லை. "யோஷினோ ஆரின்ரை கப்பல்?"

அவர் கண்ணைத் திறந்து அவளை ஒருமாதிரிப் பார்த்தார். "யப்பான்காரன்ரை. இது என்ன கேள்வி?"

குகனேஸ்வரி பெட்டிச் சுவரில் சாய்ந்தாள்.

தீயணைப்புக்காரர் வந்து மேலே பொறியைக் கையால் சுழற்றி லிப்டை இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் எமிலியானா எல்லோர் முன்னாலும் அவளை ஏசினாள். ஊசி போட்டவரைச் சாப்பிடவைக்காமல் கூட்டிக்கொண்டு போனது யார், இனி இந்த வேலைக்கு வரத் தேவையில்லை என்றாள். குகனேஸ்வரி மறுக்கவில்லை. ஊசி போட்டதும் உண்மை, சாப்பிடாததும் உண்மை. பஸ் நிறுத்தம்வரை நடந்து போய், பெர்மெசோவையும் மகளையும் நினைத்து, பஸ் வந்தும் ஏறாமல் நின்றாள்.

அடுத்த நாள் காலை எமிலியானாவே தொலைபேசியில் கூப்பிட்டாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "அப்பா உன்னைத்தான் கேக்கிறார். தான் கட்டளை போட்டதாம், நீ மறிச்சனியாம். வா," என்றாள். அவள் போனாள்.

பேச்சு ஒக்டோபரில் நடந்தது. வந்தவர்கள் கொஞ்சப்பேர்தான், அதிலும் சிலர் தூங்கினார்கள். புதிதாக வெட்டிய தக்கைகளை குகனேஸ்வரி நகர்த்தினாள். சியுவான் தாழும் இடத்தில் அவள் எழுந்து போகவில்லை. கிழவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. லிப்டுக்குள் அவள் தமிழில் சொன்னதில் ஒரு சொல்லும் அவருக்கு ஞாபகமில்லை. அவளும் பிறகு சொல்லவில்லை. 1997 வசந்தத்தில் அவர் நித்திரையிலேயே போய்விட்டார். அதற்குள் சுலக்சனா வந்து சேர்ந்திருந்தாள். குகனேஸ்வரிக்கு வேறொரு வீட்டில் வேலை கிடைத்தது.

லிப்டுக்குள் சொன்னதைப் பற்றிக் கேட்டவள் லில்லியான்தான். ஞாயிறு விடியவே அங்குள்ள தமிழர் எல்லோரும்போல அவர்களும் மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் புனித மாது சாந்தா றொசாலியாவின் கோவிலுக்கு நடந்து போவார்கள். ஒருநாள் பாதி ஏற்றத்தில் லில்லியான் நின்று, "அண்டைக்கு உள்ளுக்கை இருந்து என்ன சொன்னனீ? பாட்டு எண்டு நினைச்சன்," என்றாள்.

குகனேஸ்வரி மதிலில் இருந்தாள். கீழே துறைமுகமும் அதற்கப்பால் வெளிறிய கடலும் தெரிந்தன. அவள் இத்தாலியனில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி, கிளாலியிலிருந்து தொடங்கினாள். லில்லியான் பக்கத்தில் வந்து இருந்தாள். முன்னால் ஓடிப்போயிருந்த சுலக்சனா வளைவில் நின்று திரும்பி, "அம்மா, முவீத்தி, கெதியா வா, வெயில் ஏறுது," என்று கூப்பிட்டாள்.

"நீ நட," என்றாள் குகனேஸ்வரி. "நாங்கள் கதைச்சு முடிச்சிட்டு வாறம்."