டி டிரைவில் இருந்த கல்யாணப் பட்டியல்

இன்று காலை என் மச்சான் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் வந்து இறங்கினான், கையில் சிபியூவோடு.

"விண்டோஸ் வரவே மாட்டேங்குது மாமா. பொண்ணு கல்யாணத்துக்கு யார் யாருக்குப் பத்திரிகை வைக்கணும்னு லிஸ்டு பூரா டி டிரைவுலதான் இருக்கு."

விண்டோஸுக்குப் பதிலாக நான் வைத்திருக்கும் லினக்ஸை இத்தனை வருடம் கேலி செய்தவன். அதையே சிடியிலிருந்து ஓட்டி, எதையும் திறக்கவும் மாற்றவும் விடுகிற ரூட் அதிகாரத்தோடு அவன் டி டிரைவை மவுண்ட் செய்து திறந்தேன்.

பட்டியல் திறந்தது. 'நேரில் அழைக்க' என்பதில் அவன் வீட்டுப் பால்காரர்கூட இருந்தார். நான் 'தபாலில் அனுப்ப' என்பதில் இருந்தேன்.

"ஐயோ, அது பழைய லிஸ்டு மாமா!"

அவன் அக்காவைக் கட்டிய முப்பது வருடத்தில் அந்தக் குடும்பத்தில் எனக்குக் கிடைத்த முதல் அதிகாரம் இது. என் பெயரை நேரில் அழைப்பவர்களோடு சேர்த்த பிறகுதான் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன்.

பத்திரிகை வைக்க அவன் தாம்பூலத் தட்டோடு வரும்போது உடனே கதவைத் திறக்கவா, கொஞ்சம் நிற்க வைக்கவா? சொல்லுங்கள்.